பள்ளிச் சமையற்கட்டின் சாவி யார் கையில்?

பெங்களூருவின் ஃப்ரீடம் பார்க் ஒருகாலத்தில் மத்தியச் சிறைச்சாலை. இன்று உழைக்கும் மக்கள் தம் கோரிக்கைகளோடு வந்து அமரும் திடல். அங்கே மீண்டும் மீண்டும் வந்து அமர்வோரில் அட்சர தாசோஹ ஊழியர்கள் முன்வரிசையில் இருப்பவர்கள். கர்நாடகத்தின் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு சமைக்கும் பெண்கள். அவர்களில் தமிழ் பேசுவோருக்காக ஒரு துண்டறிக்கையைக் கன்னடத்திலிருந்து மொழிபெயர்க்கும் பணி ஒருமுறை எனக்கு வந்தது. அவர்கள் பெறும் தொகையை அரசு ஆவணங்கள் 'கௌரவ தன' என்று குறிக்கின்றன. 'மதிப்பூதியம்' என்று எழுதிவிட்டு, அருகிலிருந்த சமையல் ஊழியர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் என்னை நிறுத்தினார்.

"மதிப்புன்னு எழுதாதீங்க தோழர். அதுல மதிப்பும் இல்ல, ஊதியமும் இல்ல. கூலின்னு எழுதுங்க. கூலின்னு சொன்னாத்தானே எவ்வளவுன்னு கேக்க முடியும்?"

தமிழை முறையாகப் பயின்று, முப்பதாண்டுக் காலம் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த ஒரு சொல்லில் கிடைத்த பாடம் சிறியதன்று. மதிப்பூதியம் என்றால் கொடுப்பவர் மனம்போல் கொடுப்பது. கூலி என்றால் வாங்குபவர் கணக்குக் கேட்பது. பள்ளி உணவைப் பற்றிய அரசியல் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. பிள்ளையின் தட்டில் விழும் சோறு உரிமையா, தருமமா? உரிமை என்றால் அதற்குக் கணக்குக் கேட்பவர் யார்?

போராடிப் பெற்ற சட்டம்

பள்ளி உணவு எந்தப் பிரதமரும் தம் பெயரில் வழங்கிய கொடையன்று. 2001ஆம் ஆண்டு, அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்க ராஜஸ்தானத்தில் மக்கள் பட்டினி கிடந்தபோது, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அவ்வாண்டு நவம்பர் 28 அன்று நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் கொண்ட சமைத்த உணவு, ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் வழங்கப்பட வேண்டும் என்பது அந்த ஆணை. 2004 ஏப்ரலில், சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை வேண்டும் என்றது. அவ்வாண்டு அக்டோபரில், அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களுக்கு இடமில்லை என்றது.

அதே 2004இல் இடதுசாரிகளின் ஆதரவோடு அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் குறைந்தபட்சப் பொதுத்திட்டம், பெரும்பகுதி ஒன்றிய அரசின் நிதியில் தேசிய அளவிலான பள்ளி உணவுத் திட்டத்தை வாக்களித்தது. அதனையும் உள்ளடக்கிய கல்விச் செலவுக்காகக் கல்வித் தீர்வை விதிக்கப்பட்டது. ஆக, தீப்பெட்டியும் சோப்பும் வாங்கும் ஏழையும் இந்த உணவுக்கு முன்பணம் செலுத்தியவரே. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இதனைச் சட்டப்பூர்வ உரிமையாக்கியது. 2015இல் வந்த விதிகள், தொடக்கநிலைப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், உயர் தொடக்கநிலைப் பிள்ளைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்று அளவை நிர்ணயித்தன.

கர்நாடகத்தில் 2002இல் வடபகுதி மாவட்டங்களில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய திட்டத்துக்கு 'அட்சர தாசோஹ' என்று பெயரிட்டார்கள். தாசோஹம் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரும் சரணர்களும் கையாண்ட சொல். உழைத்து ஈட்டியதைச் சமூகத்தோடு பகிர்ந்து, சாதி பாராது ஒரே பந்தியில் உண்பது அதன் உட்பொருள். மேலிருந்து கீழே போடும் பிச்சை அதில் இல்லை. அந்தப் பெயருக்கு அரசு உண்மையாக நடந்துகொண்டதா என்பதே கேள்வி.

நான்கு ரூபாய் ஏழு காசு

நிதி எப்படி வருகிறது என்பதைத் தோழர்கள் துல்லியமாக அறிந்துகொள்வது நல்லது. தானியத்தை ஒன்றிய அரசு இந்திய உணவுக் கழகத்தின் வழியே இலவசமாகத் தருகிறது. தொடக்கநிலைப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், உயர் தொடக்கநிலைப் பிள்ளைக்கு 150 கிராம். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றுக்கான தொகைக்குச் 'சமையல் செலவு' என்று பெயர். அதனை ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் பகிர்ந்துகொள்கின்றன. 2025 மே முதல் தேதியிலிருந்து இத்தொகை தொடக்கநிலைக்கு 6 ரூபாய் 78 காசு. உயர் தொடக்கநிலைக்கு 10 ரூபாய் 17 காசு.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் ஒருநாள் சமையல் செலவில் ஒன்றிய அரசின் பங்கு நான்கு ரூபாய் ஏழு காசு. 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய், எரிவாயு எல்லாம் 6 ரூபாய் 78 காசில் முடிய வேண்டுமாம்! பெங்களூருவின் தெருமுனைத் தேநீர்க் கடையில் அரை டம்ளர் தேநீருக்கும் இது போதாது.

2013-14இல் ஒன்றிய நிதிநிலை அறிக்கை இத்திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 13,215 கோடி ரூபாய். 2025-26இல் ஒதுக்கியது 12,500 கோடி. பன்னிரண்டு ஆண்டுகளில் பருப்பு விலையும் எண்ணெய் விலையும் எரிவாயு விலையும் எங்கே போயின என்பது எல்லோருக்கும் தெரியும். ஒதுக்கீடு மட்டும் எண்ணிக்கையளவிலேயே குறைந்திருக்கிறது. 2021இல் 'பிஎம் போஷண்' என்று திட்டத்துக்குப் பிரதமரின் பெயர் சூட்டினார்கள். பெயர் நீண்டது, பை சுருங்கியது. அதே காலத்தில், மாநிலங்களோடு பகிரத் தேவையில்லாத தீர்வைகளைப் பெருக்கிக்கொண்டதும் இதே ஒன்றிய அரசுதான்.

சமைக்கும் பெண்ணின் கணக்கு இதனினும் கொடியது. நாடெங்கும் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இப்பணியில் இருக்கிறார்கள், பெரும்பான்மையோர் பெண்கள். ஒன்றிய அரசின் வரையறைப்படி அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம். இது 2009இல் நிர்ணயிக்கப்பட்டது, இன்றுவரை மாறவில்லை. இதிலும் ஒன்றியப் பங்கு 600 ரூபாய்தான். மாதத்தில் 25 நாள் வேலை என்று கொண்டால் நாளொன்றுக்கு 24 ரூபாய். மீதியை மாநிலங்கள் தம் கையிலிருந்து போடுகின்றன. கர்நாடகத்தில் 2025 வரவு செலவுத் திட்டம் ஆயிரம் ரூபாய் உயர்த்திய பின்னும் அத்தொகை ஐயாயிரத்தை எட்டவில்லை. ஃப்ரீடம் பார்க்கின் வெயிலில் அவர்கள் ஏன் அமர்கிறார்கள் என்று கேட்போருக்கு இதுவே விடை.

பள்ளியிலிருந்து வெளியேறிய அடுப்பு

இனி மேற்பார்வைக்கு வருவோம். 2015 விதிகள் காகிதத்தில் குறையற்றவை என்றே சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழு தரத்தைக் கண்காணிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஓர் ஆசிரியர் உள்ளிட்ட பெரியவர்கள் உண்டு பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் உணவைச் சோதிக்க வேண்டும். ஒருநாள் உணவு தவறினால் பிள்ளைக்கு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ மாதத்தில் ஐந்து நாளோ தவறினால் மாநில அரசு பொறுப்பாளியை அடையாளங்காண வேண்டும். 2021இல் எல்லா மாவட்டங்களிலும் சமூகத் தணிக்கை கட்டாயமென்றும் அறிவிக்கப்பட்டது.

இந்த விதிகள் அனைத்தும் ஓர் எடுகோளின்மேல் நிற்பவை: அடுப்பு பள்ளியில் எரிகிறது, தாய்மார் அதனைச் சென்று பார்க்க முடியும். பெங்களூரு நகரில் அந்த எடுகோள் என்றோ தகர்ந்துவிட்டது.

2000ஆம் ஆண்டு பெங்களூருவின் ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளோடு தொடங்கியது, பெங்களூரு இஸ்கான் சார்ந்த அட்சய பாத்திரா அறக்கட்டளை. இன்று பல மாநிலங்களில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உணவு வழங்கும் அமைப்பு அது. ராட்சதக் கொப்பரைகளில் சமைத்த உணவு விடிகாலையிலிருந்து வண்டிகளில் புறப்படுகிறது. அரசின் தானியம், அரசின் சமையல் செலவுத் தொகை, நன்கொடை ஆகிய மூன்றும் அதற்கு வருகின்றன. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை உண்டு. ஆக, அந்த நன்கொடையிலும் ஒரு பகுதி பொதுப்பணமே. ஆனால் வண்டியின்மேல் எழுதப்பட்டிருப்பது அறக்கட்டளையின் பெயர்.

தூய்மையாகச் சமைக்கிறார்களே, பல லட்சம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார்களே, அதிலென்ன குற்றம் என்று நம் தோழர்களிலும் சிலர் கேட்பதுண்டு. அங்கே சமைக்கும் தொழிலாளரின் உழைப்பையோ, நன்கொடை தரும் எளிய மனிதரின் நல்லெண்ணத்தையோ நாம் இழிவுபடுத்தவில்லை. நாம் கேட்பது ஒன்றே. பிள்ளை எதை உண்ண வேண்டும் என்று முடிவு செய்தது யார்?

அந்த உணவில் வெங்காயமில்லை, பூண்டில்லை, முட்டையும் கிடையாது. காரணம் ஊட்டச்சத்து அறிவியலன்று, ஒரு சமயப் பிரிவின் ஆசாரம். 2018-19இல் வெங்காயமும் பூண்டும் சேர்க்குமாறு மாநில அரசு கேட்டபோது அறக்கட்டளை இணங்கவில்லை. பிள்ளைகள் சுவையின்றி உணவை ஒதுக்குகிறார்கள் என்று உணவு உரிமைச் செயற்பாட்டாளர்கள் எடுத்துரைத்தார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ உணவுப் பட்டியல் வரையறைக்கு உட்பட்டதே என்று சான்று தந்தது. பட்டியலில் உள்ள கலோரி பிள்ளையின் வயிற்றுக்குப் போயிற்றா என்பது அடுத்த கேள்வி. அதனைப் பட்டியல் சொல்லாது, மீந்த தட்டுதான் சொல்லும். சாம்பாரில் வெங்காயம் வேண்டும் என்று ஸ்ரீராமபுரத்துத் தாயொருத்தி யாரிடம் சொல்வாள்? அவள் அமர்ந்திருக்கும் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுவுக்கு அந்தக் கொப்பரையின்மேல் அதிகாரம் உண்டா? இல்லை. வந்திறங்கிய பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை மட்டுமே அவளுக்கு மிச்சம்.

2020இல் இந்த அறக்கட்டளையின் சுயேச்சை அறங்காவலர் சிலர், நிர்வாகமுறை பற்றிய கருத்து வேறுபாட்டால் பதவி விலகினர். அவர்களில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் முன்னாள் உயர் அதிகாரி மோகன்தாஸ் பாயும் ஒருவர். தன்மீதான குற்றச்சாட்டுகளை அறக்கட்டளை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற ஆராய்ச்சிக்குள் நாம் புக வேண்டியதில்லை. பொதுப்பணம் புழங்கும் உணவின் கணக்கு, அறங்காவலர்களுக்கிடையிலான பூசலாக, நாளிதழ்களின் வழியே மக்களுக்குத் தெரிய வருகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பள்ளிக் குழுவின் கூட்டத்தில் பேசப்பட வேண்டியது, மூடிய கதவுக்குள் பேசப்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. வரையறைப்படி, 25 பிள்ளைகள் வரை ஒரு சமையலர், 100 வரை இருவர், அதற்குமேல் நூறு பேருக்கு ஒருவர் என நியமிக்கப்பட வேண்டும். அடுப்பு பள்ளியை விட்டுப் போனபோது அந்தந்தப் பகுதியின் ஏழைப் பெண்களுக்குரிய இந்த வேலையும் போயிற்று. தலித் பெண் சமைத்ததை எல்லாச் சாதிப் பிள்ளையும் உண்ண வேண்டும் என்ற 2004 ஆணையின் உள்ளடக்கமும் அதனோடு போயிற்று. இயந்திரம் சமைத்த சோற்றுக்குச் சாதியில்லை என்று மகிழ்வோர், சாதி அங்கே ஒழியவில்லை, மோதுவதற்கான களம்தான் ஒழிந்தது என்பதை உணர்வதில்லை.

முட்டைக்கு யார் பொறுப்பு?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியவர்கள். 65 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இந்தக் குழந்தைகள்தாம் பள்ளிக்கு வருகிறார்கள். 2021 டிசம்பரில் பீதர், ராய்ச்சூர், கலபுரகி, யாதகிரி, கொப்பளம், பல்லாரி, விஜயபுரா ஆகிய ஏழு மாவட்டங்களில் முட்டை தரத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் வெகுண்டெழுந்தார்கள். முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு என்று அரசு சொல்லியும் அவர்கள் அடங்கவில்லை. தம் பிள்ளைக்கு வேண்டாம் என்பது அவர்தம் உரிமை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம் என்பது அதிகாரம். எங்களுக்கு முட்டை வேண்டும் என்று பள்ளி மாணவியரே வெளிப்படையாகப் பேசிய பின்னர்தான் மடங்களின் குரல் தணிந்தது.

இன்று கர்நாடகத்தில் வாரம் ஆறு நாள் முட்டை. இது வெற்றிதான். ஆனால் இந்த ஆறில் இரண்டு நாளுக்கே அரசின் நிதி. எஞ்சிய நான்கு நாளுக்கு 2024இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்றாண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தர ஒப்பந்தம் செய்தது. அந்த முட்டையை நாம் வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆசாரத்தைப் பிள்ளையின் தட்டில் திணிக்கும் அறக்கட்டளையையும், முட்டை வாங்கப் பணம் தரும் அறக்கட்டளையையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டோம். ஆயினும் மூன்றாண்டு முடிந்த மறுநாள் அந்த நான்கு முட்டையை எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நீதிமன்றத்தில் பிள்ளை கேட்க முடியும்? கொடையாளி மனம் மாறினால் வழக்குப் போட முடியாது. அரசு தவறினால் முடியும். உரிமைக்கும் தருமத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவே.

முட்டை ஒன்றுக்கு அரசு நிர்ணயித்த விலை ஆறு ரூபாய். எரிபொருளும் உரிக்கும் கூலியும் இதற்குள் அடக்கம். சந்தை விலை ஏறும்போதெல்லாம் துண்டு விழும் தொகையைத் தலைமையாசிரியர் எங்கிருந்து எடுப்பார்? மேற்பார்வை என்ற பெயரில் பற்றாக்குறையை ஆசிரியர் தலையில் கட்டுவதும் ஒருவகை நிதிக்கொள்கைதான்.

காந்தாமனின் பாடம்

பள்ளியில் சமைத்தால் பாதுகாப்பில்லை என்பார்கள்; 2013 ஜூலை 16ஐ நினைவூட்டுவார்கள். பீகாரின் சரண் மாவட்டத்துக் காந்தாமன் கிராமத்தில் பூச்சிக்கொல்லி கலந்த உணவை உண்டு 23 பிள்ளைகள் மாண்டார்கள். அந்தத் துயரத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் அங்கே தவறியது எது? பொருட்களை வைக்கப் பள்ளியில் பாதுகாப்பான கிடங்கறை இல்லை; பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் உண்டு பார்க்கும் விதி உயிரோடு இல்லை. 2015இல் இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கையும் இத்திட்டத்தின் கண்காணிப்புக் குறைபாடுகளைச் சுட்டியது. கூரையும் கிடங்கும் எரிவாயுவும் தரையில் நின்று கேள்வி கேட்கும் குழுவும் இருந்தால் தடுக்கக்கூடிய சாவுகள் அவை. கண்காணிப்பு இல்லாததற்கு மருந்து, கண்காணிக்கவே முடியாத தொலைவுக்கு அடுப்பைக் கொண்டுபோவதா?

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு ஒரு சொல்

இதைப் படிக்கும் தமிழ்நாட்டுத் தோழர்கள், நம் ஊரில் இந்தத் தொல்லையில்லை என்று எண்ணக்கூடும். ஓரளவு உண்மை. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் உணவு தொடங்கியது. 1925இல் ஆங்கிலேய அரசு அந்தச் செலவை அனுமதிக்க மறுத்ததால் அது நின்றுபோனது. நிதியின் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவர் ஒரு கையெழுத்தில் பிள்ளையின் தட்டைக் கவிழ்க்க முடியும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று இது. 1956இல் காமராசரும், 1982இல் எம்.ஜி.ஆரும், முட்டையைச் சேர்த்து விரிவாக்கிய கருணாநிதியும், 2022இல் காலை உணவைத் தொடங்கிய ஸ்டாலினும் இதனை அரசின் கடமையாகவே நடத்தினார்கள். பள்ளிகளில் சத்துணவு மையம் இருக்கிறது, அமைப்பாளர் இருக்கிறார், சங்கமும் இருக்கிறது.

ஆனால் 2020இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவைப் பெங்களூருவின் அதே அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முயன்றார்கள். அன்றைய ஆளுநர் தம் விருப்புரிமை நிதியிலிருந்து கோடிகளை வழங்கினார். எதிர்ப்பு எழுந்ததை நாம் அறிவோம். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டதும் பெரியார் பிறந்த மண்ணில்தான். சத்துணவு ஊழியர்கள் இன்றும் காலமுறை ஊதியத்துக்காகவே போராடுகிறார்கள். எனவே பெங்களூருவில் நடந்தது தொலைவிலுள்ள கதையன்று. கவனம் தவறினால் நம் வாசலுக்கும் வரக்கூடியது.

மணிமேகலையின் அமுதசுரபியைப் படித்தவர்கள் நாம். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்திருந்தவளே, அது போதும் என்று நின்றுவிடவில்லை. அரசனிடம் சென்று சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்டாள். பாத்திரத்தின் கருணை ஒருபுறம். அரசின் கடமை ஒருபுறம். இரண்டாவதை முதலாவது ஈடுசெய்யாது என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். நம் ஒன்றிய அமைச்சர்கள் அறியவில்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

2021இல் ஒப்புதல் பெற்றது 2025-26 வரையிலான ஐந்தாண்டுத் திட்டக்காலம். அதற்கடுத்த கட்டத்துக்கான வரையறைகளில் நம் கோரிக்கைகள் தெளிவாக ஒலிக்க வேண்டும்.

சமையல் செலவை உணவுப் பொருள் விலைக் குறியீட்டோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். முட்டையை ஒன்றிய வரையறையிலேயே சேர்த்து, அதற்கான நிதியையும் ஒன்றிய அரசே தர வேண்டும். சமையல் ஊழியரைத் தொழிலாளர் என ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் பன்னிரண்டு மாத ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும். நகரப் பள்ளிகளில் இடமில்லை என்ற சாக்கை ஏற்காது, அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுச் சமையற்கூடம் கட்டி, அங்கே அப்பகுதிப் பெண்களையே பணியமர்த்த வேண்டும். அதுவரை, எந்த அறக்கட்டளையானாலும், பொதுப்பணம் பெறுமெனில் அதன் சமையற்கூடமும் கணக்கும் சமூகத் தணிக்கைக்குத் திறக்கப்பட வேண்டும். உணவுப் பட்டியலைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கக் கூடாது.

இவை மேலே கேட்க வேண்டியவை. கீழே செய்ய வேண்டியதும் உண்டு. பெங்களூருவில் நம் கிளைகள் உள்ள பகுதிகளில், அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தோழர் எத்தனை பேர் மேற்பார்வைக் குழுவில் இருக்கிறார்கள்? மாதம் ஒருமுறையேனும் பள்ளிக்குச் சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து அந்தச் சோற்றை உண்டு, மீந்ததை அளந்து, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோமா? பார்க்கவில்லையெனில் சமையற்கட்டின் சாவியைப் பிறர் எடுத்துக்கொண்டார் என்று குறைசொல்லும் தகுதி நமக்குப் பாதியே.

அந்தத் துண்டறிக்கையில் 'மதிப்பூதியம்' என்ற சொல்லை அடித்துவிட்டுக் 'கூலி' என்று எழுதினேன். திருத்த வேண்டிய சொற்கள் இன்னும் இருக்கின்றன. அரசு ஆவணங்கள் பள்ளிப் பிள்ளையைப் 'பயனாளி' என்கின்றன. பயனாளி கைநீட்டி நிற்பவர். அந்தப் பிள்ளை பயனாளியன்று, உரிமையாளர். இதனை ஏட்டில் நான் திருத்தலாம்; பள்ளியில் திருத்த வேண்டியவர்கள் நாம் அனைவரும்.